தம்மாமுக்குப் போகாதவன்

லப்பைக்குடிக்காட்டில் ஒருவன் வளைகுடா நாட்டுக்குப் புறப்படுகிறான் என்றால், பெட்டி கட்டுவதற்கு முன்பே அவன் செய்து முடிக்க வேண்டிய கடமை ஒன்று உண்டு. அதற்குப் பயணம் சொல்லுதல் என்று பெயர். உறவினர் வீடு, அண்டை வீடு, பேச்சு நின்றுபோன பங்காளி வீடு என்று ஒன்றையும் விடாமல் படியேறி, ‘பயணம் போறேன், ஏதாச்சும் மனசுல இருந்தா மன்னிச்சுருங்க, துஆ செய்யுங்க’ என்று கேட்டுவிட்டு வர வேண்டும். ஒருமுறை சொல்லிவிட்டால் சொன்னதுதான். சொன்னவன் மறுவாரம் தெருவில் தென்படுவது, அடக்கம் செய்யப்பட்டவன் கடைத்தெருவுக்கு வந்து பல்பொடி வாங்குவதற்கு ஒப்பாகும்.

அப்துல் ஹாதி பொங்கலுக்குப் பிந்திய வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் தொடங்கி, மறுநாள் பொழுது சாய்வதற்குள் நாற்பத்திரண்டு வீடுகளில் பயணம் சொல்லி முடித்தான். சவூதியின் தம்மாம் நகரில் பதினோரு ஆண்டுகள் தண்ணீர் லாரி ஓட்டியவன். பழைய முதலாளியிடமிருந்து விலகி வந்து, புது முதலாளியின் விசாவில் திரும்பிப் போகவிருந்தான். சென்னையில் மருத்துவப் பரிசோதனை, அங்கேயே விசா, அங்கேயிருந்தே விமானம் என்று ஏஜெண்டு இளவரசன் வரிசைப்படுத்திக் கொடுத்திருந்தார். முன்னர் மூன்று முறை பரிசோதனைக்குப் போய் மூன்று முறையும் ‘ஃபிட்’ என்று முத்திரை வாங்கிய உடம்பு அவனுடையது. அந்த உடம்பின் மேல் வைத்த நம்பிக்கையால், முடிவு வருவதற்கு முன்னரே பயணம் சொல்லிவிட்டான். பிழை அங்கேதான் நேர்ந்தது.

“அன்ஃபிட்” என்றாள் பரிசோதனை நிலையத்தின் சன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்.

“எதுலம்மா?”

“ஹெச்.சி.வி. ஈரலைத் தாக்குற கிருமி. உங்க ரத்தத்துல இருக்குன்னு காட்டுது.”

“எனக்கு மஞ்சக்காமாலைகூட வந்ததில்லையே.”

“ஸ்பெஷலிஸ்ட் டாக்டரைப் பாருங்க. அடுத்த டோக்கன், வாங்க.”

வெளியே வந்து ஒரு பெட்டிக்கடை நிழலில் நின்று மனைவியை அழைத்தான்.

“ஃபர்ஹா, பக்கத்துல யாரு இருக்கா?”

“மாமி கொல்லையில துணி காயப்போடுறாங்க. என்னா மச்சான், விசா குத்தியாச்சா?”

“அன்ஃபிட்டுங்குறான். ஈரல்ல கிருமியாம்.”

மறுமுனையில் அவள் அறைக் கதவைச் சாத்தும் ஓசை கேட்டது.

“உசுருக்கு ஒண்ணுமில்லையே?”

“அதெல்லாம் ஒண்ணும் தெரியல. நான் அடுத்த பஸ்ஸுக்கு வந்துடுறேன்.”

“வராதீங்க.”

“என்னாடி சொல்ற?”

“மேலத்தெரு ஷாஜகான் மெடிக்கல்ல நெஞ்சுல கறைன்னு திரும்பி வந்தாரே, மறந்துட்டீங்களா? ஆறு வருசம் ஆச்சு. இன்னைக்கும் அந்த வூட்டுக்குக் கல்யாணப் பத்திரிகைய வாசல்ல நின்னே நீட்டுறாங்க. அவரு புள்ளையோட நம்ம புள்ளைய நானே வெளையாட வுட்டதில்ல. மொதல்ல உடம்பச் சரி பண்ணுங்க. சரி பண்ணிட்டு அப்படியே பிளேன் ஏறுங்க.”

“அதுவரைக்கும் ஊரு கேட்டா?”

“ஊருக்கு நீங்க போயாச்சு மச்சான்.”

புது முதலாளி ஏழு மாதம் வரை பொறுப்பார் என்று இளவரசன் கேட்டுச் சொன்னார். ஏழு மாதத்திற்குள் ‘ஃபிட்’ சான்று வந்தால் தம்மாம். வராவிட்டால் அந்த விசா வேறொருவனுக்கு. ஆக, ஹாதி ஒளிந்திருக்க ஓர் ஊர் வேண்டியிருந்தது. லப்பைக்குடிக்காட்டார் துணி எடுக்கத் திருச்சிக்குப் போவார்கள். நோய்க்குப் பெரம்பலூர் போவார்கள். காய்கறிக்கு வெள்ளாற்றைத் தாண்டித் திட்டக்குடி போவார்கள். அரியலூரில் அவர்களுக்கு யாதொரு வேலையும் கிடையாது. ஆகவே அவன் அரியலூரைத் தேர்ந்துகொண்டான்.

சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓயாமல் ஓடும் சாலை ஓரத்தில் குருமூர்த்தியின் லாரிப் பட்டறை இருந்தது. இந்திய உரிமம் காலாவதியாகியிருந்தபடியால் ஓட்டுநர் வேலை கிட்டவில்லை. தார்ப்பாய் கட்டும் வேலை கிட்டியது. கல் ஏற்றிய லாரியின் மேலேறி, கனத்த தார்ப்பாயை உதறி விரித்து, நான்கு மூலையிலும் கயிறு கோத்து, காலை உந்தி இழுத்து முடிச்சுப் போட வேண்டும். சரியாகக் கட்டாவிட்டால் வழி நெடுகக் கல் உதிரும். கட்டி முடித்துக் கீழே இறங்குகையில் புருவம், மூக்கு, காது எல்லாம் வெளுத்து, மாவில் புரட்டி எடுத்த பண்டம்போல் இருப்பான்.

பட்டறைக்குப் பின்புறம் இட்லிக்கடை வைத்திருந்த செங்கமலம் ஓர் அறையை அவனுக்கு விட்டாள். கணவனை இழந்தவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

“பாயி, ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லு. நீ போலீசுக்குப் பயந்து ஒளிஞ்சிருக்கியா, பொண்டாட்டிக்குப் பயந்தா?”

“ஒளியலக்கா. நான் சவூதியில இருக்கேன்.”

“அடி ஆத்தி! அப்ப இட்லிக்குத் தொட்டுக்கப் பேரீச்சம்பழந்தான் வைக்கணும். சட்னி ஊத்துனா ஒத்துக்குமா?”

இருவரும் சிரித்தார்கள். சென்னையிலிருந்து வந்தபின் அவன் சிரித்தது அதுவே முதல் தடவை.

ஆனால் மருத்துவம் அத்தனை எளிதில் கைகூடவில்லை. பெரம்பலூரில் முதலில் பார்த்த மருத்துவர், “இது என் லைன் இல்ல, ஈரல் ஸ்பெஷலிஸ்ட்டைப் பாருங்க” என்று கைகழுவினார். செங்கமலத்திடம் ஈரலில் ஏதோ கோளாறு என்று மட்டும் சொன்னபோது, ரஞ்சன்குடிக் கோட்டைக்குக் கீழே காமாலைக்கு மருந்து கொடுப்பவர் ஒருவர் இருப்பதாக அவள் வழி சொன்னாள். அவர் ஹாதியின் கண் இமையை இழுத்துப் பார்த்து, மஞ்சளே இல்லையே என்று வியந்தார். எனினும் அரைத்த கீழாநெல்லி உருண்டையைக் கொடுத்து, உப்பு, புளி, எண்ணெய் மூன்றையும் விலக்கச் சொன்னார். உப்பில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டு வெயிலில் தார்ப்பாய் இழுத்தவன், பதினோராம் நாள் லாரியின் மேலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான்.

“இறங்குய்யா கீழ!” என்று குருமூர்த்தி கத்தினார். “விழுந்து தொலைஞ்சா நான் எவனுக்குப் பதில் சொல்றது? சவூதிக்கா?”

பின்னர் திருச்சிக்குப் போனான். கைக்குட்டையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு தனியார் மருத்துவமனையில் அரை நாள் காத்திருந்தான். அங்கிருந்த முதிய ஈரல் மருத்துவர் தாள்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“எங்கேருந்து வர்றீங்க?”

“அரியலூருங்க.”

“இதுக்கு மாத்திரை இருக்கு. பன்னெண்டு வாரம் ஒழுங்காச் சாப்பிட்டா கிருமி போயிடும். கவர்ன்மென்ட்லயே இலவசமாக் குடுக்குறாங்க. உங்க ஊருப் பெரிய ஆஸ்பத்திரியிலயே புதன்கிழமை அறிவரசன்னு டாக்டர் பாக்குறாரு. காலடியில வச்சுக்கிட்டு இங்க வந்து உக்காந்திருக்கீங்களே!”

ஹாதிக்கு அழுகையும் கோபமும் ஒருசேர வந்தன. பட்டறையிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியை அவன் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை மூன்றாவது மாடியில் மருத்துவர் அறிவரசனைப் பார்க்குமுன், சத்யா என்ற ஆலோசகப் பெண் அவனை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“பல்லு புடுங்கியிருக்கீங்களா?”

“ரெண்டு.”

“ஊசி அடிக்கடி போட்டிருக்கீங்களா? கடையில ஷேவிங்? ஹிஜாமான்னு ரத்தம் குத்தி எடுத்தது? ஆப்பரேசன், ரத்தம் ஏத்துனது?”

ரத்தம் ஏற்றியது நீங்கலாக எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அதில் எது என்று அவளாலும் சொல்ல முடியவில்லை, அவனாலும் சொல்ல முடியவில்லை. ரத்தத்தில் கிருமி எத்தனை என்று எண்ணிப் பார்த்தார்கள், லட்சக்கணக்கில் இருந்தது. ஈரல் சிறிதளவே தடித்திருந்தது. வரிசையில் அவனுக்கு முன்னிருந்தவருக்கோ வயிறு பானையாய் உப்பி, கால்கள் பளபளவென்று வீங்கியிருந்தன. அவரை அவருடைய மகள் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனாள்.

“அவரு ரொம்ப லேட்டா வந்தவரு,” என்றார் மருத்துவர். “நீங்க நேரத்துக்கு வந்துட்டீங்க. ஒரு நாள் மாத்திரையும் விடக்கூடாது.”

இருபத்தெட்டு மாத்திரை அடங்கிய குப்பியோடு அறைக்குத் திரும்பினான். நான்கு நாளில் ரமலான் பிறந்தது. விடியுமுன் உண்ணும் சஹர் உணவோடு மாத்திரை, பின் நோன்பு. மாத்திரை தொடங்கிய இரண்டாம் வாரம் நெற்றிப்பொட்டில் ஆணி இறக்கினாற்போன்ற தலைவலி வந்தது. எதைத் தின்றாலும் துருவின் சுவை. உறக்கம் வரவில்லை, வந்தாலும் உடம்பு ஓய்ந்தபாடில்லை. முன்பு ஒரே மூச்சில் கட்டி முடிக்கும் தார்ப்பாயை மூன்று தவணையாகக் கட்டினான். நோன்பை விட்டுவிடலாம், பயணத்திலும் நோயிலும் அதற்குச் சலுகை உண்டு என்று அறிந்திருந்தான். எனினும் இரண்டில் எந்தக் காரணத்தைச் சொல்லி விடுவது என்று தெரியாமல் பிடிவாதமாக இருபது நோன்பு வைத்தான். இருபத்தோராம் நாள் மயங்கியதும் விட்டான்.

குப்பியைச் செங்கமலம் ஒருநாள் பார்த்துவிட்டாள்.

“இது என்னா மாத்திரை பாயி? தெனமும் விரதம் மாதிரித் திங்கிற?”

சொன்னான். அவள் இட்லித் துணியைப் பிழிந்தபடியே நின்றாள்.

“தொத்துமா?”

“சோத்துல, தண்ணியில தொத்தாதாம்க்கா. ரத்தம் பட்டாத்தான்.”

“நீ சொன்னா நான் நம்புவேன். திங்க வர்றவன் நம்ப மாட்டான்ய்யா. கடைக்குள்ள வராத. ரூமுக்கே கொண்டாந்து வைக்கிறேன்.” சற்று நேரம் கழித்து, “தப்பா நெனைச்சுக்காத பாயி. நான் இந்தக் கடைய வச்சுத்தான் பொழைக்கிறேன்,” என்றாள்.

அவள் கூறியதில் பொய்யில்லை. அதனாலேயே அது அவனுக்கு அதிகமாக வலித்தது.

அவனுடைய தாய் பாத்திமா பீவிக்கு வெள்ளிக்கிழமைதோறும் மகன் முகத்தைக் கைப்பேசியில் பார்க்க வேண்டும். பட்டறையின் வெள்ளைச் சுவர் தம்மாம் அறைச் சுவராகியது. இங்கே ஏழு மணி என்றால் அங்கே நாலரை என்பதை மறவாதிருக்கத் தன் கைக்கடிகாரத்தை இரண்டரை மணி பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தான். கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் திருவிழாவின்போது ஒருமுறை, வண்டி கட்டிக்கொண்டு போன கூட்டமொன்று நாதசுரம் தவில் முழங்கப் பட்டறையைக் கடந்தது.

“அங்க என்னாடா மேளச் சத்தம்?”

“ரூம்ல ஒருத்தன் போன்ல கல்யாண வீடியோ பாக்குறாம்மா.”

“சத்தத்தக் கொறைக்கச் சொல்லு, மனுசன் பேச வேணாமா? ஏன்டா இப்படி எளைச்சுட்ட? அந்தக் கபீலு மொதலாளி சோறு போடுறானா இல்லையா?”

“வேலை கொஞ்சம் அதிகம்மா.”

“அந்த ஊரு வெயிலு என் புள்ளையக் குடிக்குது,” என்று அவள் கண்ணைத் துடைத்தாள். அப்பால் அவனுடைய ஏழு வயது மகள் தாவி வந்து, “அத்தா, ஒட்டகத்தக் காட்டுங்க” என்றாள். ஒட்டகம் எல்லாம் தொழப் போயிருக்கிறது என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தான்.

பெருநாள் தொழுகையைப் பள்ளிவாசலின் கடைசி வரிசையில் தொழுதுவிட்டு, ஒருவரையொருவர் தழுவிக்கொள்ளும் நேரம் வருமுன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நழுவினான்.

மறுநாள் ஃபர்ஹா வந்தாள். பெரம்பலூரில் பல்லுக்கு வேர் மருத்துவம் என்று வீட்டில் சொல்லி மாதம் ஒருமுறை வருவாள். மகளைக் கூட்டி வருவதில்லை. குழந்தை வாய் நிற்காது. அரியலூர்ப் பேருந்து நிலையத்தின் சிமெண்டு இருக்கையில் அமர்ந்து, தூக்குச்சட்டியைத் திறந்து இடியாப்பமும் கோழிக்குழம்பும் எடுத்து வைத்தாள். அவன் இரண்டு வாய்க்கு மேல் உண்ணவில்லை.

“என் கையும் கசக்க ஆரம்பிச்சுருச்சா?”

“எல்லாமே தகரம் மாதிரி இருக்கு ஃபர்ஹா.”

அவள் சட்டியை மூடினாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

“ஒண்ணு கேட்டா கோவப்படக் கூடாது. அங்க... வேற ஏதாச்சும் பழக்கத்துல வந்துச்சா மச்சான்?”

“அல்லாஹ் மேல ஆணையா இல்ல.”

“பதினோரு வருசத்துல நம்ம சேர்ந்திருந்தது பதினோரு மாசம். கேக்க எனக்குப் பாத்தியதை உண்டு.”

“உண்டு. அதான் சொல்லிட்டேன். டாக்டரு உன் ரத்தத்தையும் பாக்கச் சொல்றாரு.”

அன்றே ரத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். முடிவு வந்த அன்று, அவளுக்கு ஒன்றுமில்லை என்று அவன் கைப்பேசியில் சொன்னபோது, அல்ஹம்துலில்லாஹ் என்றவள் விம்மி விம்மி அழுதாள். ஜனவரி முதல் தன் தட்டைத் தனியே கழுவி வந்ததையும், மகளுக்கு வாயால் ஊதிச் சோறு ஆற்றாமல் விசிறியால் ஆற்றி வந்ததையும் அப்போதுதான் அவனிடம் சொன்னாள்.

மாதம் ஒன்றாக வாங்கிய மூன்று குப்பியும் வைகாசியில் தீர்ந்தன. தீர்ந்தபின் மேலும் பன்னிரண்டு வாரம் காத்திருந்துதான் கடைசிப் பரிசோதனை. வாயில் உப்பும் புளியும் மீண்டும் வந்தன. தார்ப்பாயை ஒரே மூச்சில் இழுத்தான். ஆகஸ்டு மாதத்தின் ஒரு புதன்கிழமை மருத்துவர் அறிவரசன் எழுந்து நின்றே அவன் கையைப் பற்றினார்.

“வாழ்த்துக்கள். வைரஸ் சுத்தமா இல்ல. நீங்க குணமாயிட்டீங்க.”

“அப்ப மெடிக்கல்ல ஃபிட் ஆயிடும்ங்களா சார்? விசாவுக்கு இன்னும் ஒம்போது நாள் இருக்கு.”

மருத்துவர் மெல்ல உட்கார்ந்தார்.

“அங்க எந்த டெஸ்ட் எடுப்பாங்க? ஆன்டிபாடி மட்டுந்தானே?”

“எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. அதே சென்னை சென்டருதான்.”

“கிருமி வந்துட்டுப் போனா, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்குன பொருள் ரத்தத்துல தங்கிடும். பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும். அது இருக்கான்னு பாக்குற டெஸ்ட் எப்பவும் பாசிட்டிவ்னுதான் காட்டும். உங்களுக்கு நோய் இல்ல. ஆனா அந்த டெஸ்டுக்கு அது தெரியாது. நீங்க திரும்பிப் போறதுக்காகத்தான் இதெல்லாம்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.”

அவன் சொல்லவில்லை, ஒருவரிடமும் சொல்லாதிருப்பதே அந்த ஏழு மாதத்தில் அவன் கற்ற பாடம். மருத்துவர் தம் கைப்படக் கடிதம் எழுதி முத்திரையிட்டுக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனான். கடிதத்தை ஒருவரும் வாங்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் அதே சொல்.

“லெட்டரெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறாது பாய்,” என்றார் இளவரசன். “அதுக்கு ஃபிட், அன்ஃபிட் ரெண்டுதான் தெரியும். நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க?”

சென்னையிலிருந்து அரியலூர் வந்து இரண்டு நாள் சுருண்டு கிடந்தான். மூன்றாம் நாள் குருமூர்த்தி அறை வாசலில் வந்து நின்று, உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டு வந்தால் டிப்பர் லாரி ஒன்றை ஓட்டத் தருவதாகச் சொன்னார். நோயைப் பற்றிச் செங்கமலம் அவரிடம் முன்னரே சொல்லியிருந்தாள். “வண்டி ஓட்ட ரத்தமா வேணும்? கைகால் இருந்தாப் போதும்,” என்றார். ஹாதி அவரிடம் சரி என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பட்டப்பகலில் லப்பைக்குடிக்காட்டில் இறங்கினான்.

பாத்திமா பீவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் மருமகள் பக்கம் திரும்பினாள்.

“ஒரு பஸ்ஸு தூரத்துல புள்ளைய வச்சுக்கிட்டு என்னையக் கடலுக்கு அங்கிட்டுப் பாத்து அழ வுட்டியேடி!”

“மாமி, நான்...”

“பேசாத. உப்பில்லாக் கஞ்சி குடிச்சுருக்கான். நான் இங்க பெருநாளுக்குப் பிரியாணி தின்னுருக்கேன்.” பின்பு குரலைத் தாழ்த்தி மகனிடம் சொன்னாள்: “வாயத் தொறக்காத. லீவுல வந்திருக்கேன்னு சொல்லு. அம்மாவுக்கு நெஞ்சுவலின்னு அவசரமா வந்தேன்னு சொல்லு. நான் வேணும்னா ரெண்டு நாளு படுத்துக்கிறேன்.”

மாலையில் எதிர்வீட்டு ஜமால் முகமது வந்தார். குவைத்தில் கடை வைத்திருந்து ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஊரோடு தங்கிவிட்டவர், ஜமாஅத்தில் மதிப்புள்ளவர். ஃபர்ஹா தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

“வாப்பா தம்மாம்! என்னா அதுக்குள்ள? எத்தனை மாசம் லீவு?”

உள்ளறையிலிருந்து தாய் வேண்டுமென்றே முனகுவது கேட்டது. மகள் அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒட்டகத்துக்காகவும் ஒரு பொய் சொன்னவனுக்கு இன்னொரு பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

“நான் போகவே இல்ல மாமா. மெடிக்கல்ல அன்ஃபிட். ஈரல்ல கிருமி, ஹெப்படைட்டிஸ் சி. அரியலூர்ல தங்கி மருந்து சாப்பிட்டேன். இப்பச் சரியாயிடுச்சு.”

ஜமால் முகமது அவனை உற்றுப் பார்த்தார். பின்பு தேநீரைப் பார்த்தார். “எனக்குச் சக்கரை ஆகாது,” என்று எழுந்துகொண்டார். வாசற்படியில் கால் இடறி, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

மறுநாளே செய்தி தெருவெங்கும் பரவியது. மகளோடு பள்ளிக்குப் போகும் இரு சிறுமியர் அவளை அழைக்காமலே போனார்கள். நான்காம் நாள் பிற்பகல், வெள்ளாற்றுப் பக்கமுள்ள கொல்லைக் கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். ஜமால் முகமதுவின் மனைவி நின்றிருந்தாள்.

“அவரு அன்னைக்கு டீ குடிக்காம வந்தத மனசுல வச்சுக்காத தம்பி. அங்க குடிச்சா, பயமில்லையான்னு எல்லாரும் கேப்பாங்களேன்னு...” முந்தானைக்குள்ளிருந்து மடித்துப் பழுத்துப்போன தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். “குவைத்துல விசா புதுப்பிக்கப் போனப்பக் குடுத்தது. போதும்னு வந்துட்டாருன்னுதான் ஊருக்குத் தெரியும். எனக்கே போன மாசந்தான் காட்டுனாரு.”

அதே மூன்று ஆங்கில எழுத்துகள். ஒன்பது ஆண்டுகள்.

“கால் வீங்குதா அத்தே?”

“செருப்பு நொழையல.”

“வவுறு?”

அவள் இரு கைகளையும் வயிற்றுக்கு முன்னே பானைபோல் குவித்துக் காட்டினாள். ஹாதியின் மனக்கண் முன் அந்தச் சக்கர நாற்காலி உருண்டது.

“நாளைக்குப் புதன்கிழமை. நானே கூட்டிட்டுப் போறேன்.”

“நாளைக்கு வேணாம் தம்பி. ஞாயித்துக்கிழமை சின்னவளுக்கு நிச்சயம். அது முடியட்டும், அடுத்த புதன் வரச் சொல்றேன்.”

ஹாதி ஒரு காகிதத்தில் மருத்துவர் பெயரையும் மாடியையும் எழுதத் தொடங்கினான். அவள் அவன் கையைத் தடுத்தாள்.

“எழுதாத. வாயால சொல்லு, நான் மனசுல வச்சுக்கிறேன்.”

சொன்னான். அவள் பாடம் ஒப்பிப்பவள்போல் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். “ஆறே கால் பஸ்ஸு. மூணாவது மாடி. வெறும் வவுறு.” பின்பு ஆற்றங்கரையோரமாகச் சுற்றிக்கொண்டு, வேறெங்கோ போய்விட்டு வருபவள்போல் தன் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த புதன்கிழமை காலை ஆறு மணிக்கே ஹாதி நிறுத்தத்தில் நின்றான். அரியலூர்ப் பேருந்து வந்தது. தெருமுனையில் ஒருவரும் தென்படவில்லை. ஜமால் முகமதுவின் வீட்டு வாசலில் நிச்சயத்துக்குக் கட்டிய வாழைமரம் வாடிச் சாய்ந்திருந்தது, கதவு சாத்தியிருந்தது.

“ரெண்டு நிமிசம் அண்ணே,” என்று நடத்துநரிடம் கேட்டான். “ஒருத்தர் வரணும். முடியாதவரு.”

“யாரு பாய்? பேரச் சொல்லுங்க, எனக்கு எல்லாரையும் தெரியும். ஒரு குரல் குடுத்துட்டாப் போச்சு.”

வண்டிக்குள் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் அமர்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாதி சாத்தியிருந்த அந்தக் கதவை இன்னொரு முறை பார்த்தான்.

“யாருமில்ல,” என்றான். ஏறிக்கொண்டான். நடத்துநர் விசில் ஊதினார்.